மட்டையும் பந்தும்

கேள்வி: அயர்லாந்தின் ஊர்க் கழகங்கள் ஆண்டுதோறும் மோதும் ஹேர்லிங் போட்டியைப் போல யாழ்ப்பாணத்தில் ஏதும் உண்டா?

பதில்: ஹேர்லிங் என்பது, முனை அகன்ற வளைந்த மட்டையால் சிறு பந்தை அடித்து ஓடும் மிகப் பழைய ஐரிஷ் ஆட்டம்; 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதற்கு விதிகளையும் மாவட்டப் போட்டிகளையும் வகுத்தது. அங்கே கழகப் போட்டிகளில் 'ஜூனியர்' என்னும் பிரிவு வயதையன்றித் தரநிலையைக் குறிப்பதால், நரை விழுந்தவரும் ஜூனியராக ஆடலாம் என்பது நம்மவருக்கு இனிய செய்தி.

யாழ்ப்பாணத்தில் அந்த ஊர்க் கழகங்களின் ஊர்ப்பற்றுக்கு நிகரானது, யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டமான 'வடக்கின் பெரும் போர்' ஆகும். மத்திய கல்லூரியின் மூலப் பள்ளியை 1816இல் நிறுவிய மெதடிஸ்த குருமாருள் ஜேம்ஸ் லிஞ்ச் அயர்லாந்துக்காரர் என்பதால், உறவு முற்றிலும் புதிதன்று. மார்ச் வெயிலில், கோட்டைக்கு அருகிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் நடக்கும் இப்போட்டியில், விக்கெட் ஒன்று சரிந்ததும் கொடி ஏந்திய மாணவர் எல்லைக்கோட்டோரம் துள்ள, தலை நரைத்த பழைய மாணவர் பாண்ட் வாத்தியத்துக்கு ஆடுவர். உண்மையான போர் மண்ணைச் சிதைத்த காலத்தைக் கடந்தும், 'போர்' என்ற சொல்லை மட்டைக்கும் பந்துக்கும் உரியதாக இம்மைதானம் காத்துவைத்திருப்பது பெரும் பேறு. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் விடுமுறையை இந்த மூன்று நாட்களுக்கு ஏற்பவே வகுத்துக்கொள்கின்றனர்.