கிரைண்டர் மோட்டாரும் ஸ்லோயர் பாலும்

ஏங்கண்ணு, உங்கம்மா இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுட்டு கிரைண்டரைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு இருக்கறா. உள்ள மோட்டார் இருந்தாத்தானே சாமி சுத்தும்? அதைத்தான் நீ கழட்டிக் கொண்டாந்து, தோட்டத்துல பந்து வீசற மெஷினுக்குப் பூட்டிட்டியே. பத்தாததுக்கு உங்க அத்தை ஊட்டு மோட்டாரும் வந்திருச்சு. ரெண்டு ஊட்டுலயும் பலகாரம் இல்லை. பரவாயில்லை, கயித்துக் கட்டல்ல கெடக்கற அப்புச்சிக்கு இதுவாச்சும் வேடிக்கை.

மெஷினைக் கொறை சொல்ல மாட்டேன். சிமெண்டு தள்ளற வண்டியோட டயர் ரெண்டை மேலயும் கீழயுமா நிறுத்தி, நடுவுல பந்தை விடக் கொஞ்சம் இடுக்கமாச் சந்து உட்டிருக்கறே. பந்தைக் காட்டுனதும் கவ்விப் புடிச்சு எறியுது. கணக்கும் சரியாத்தான் வருது. கிரைண்டர் மோட்டார் நிமிசத்துக்கு 1,440 சுத்து, நொடிக்கு 24. டயர் குறுக்களவு 40 சென்டிமீட்டர்னா ஒரு சுத்துக்கு 1.26 மீட்டர் ஓடும். பெருக்குனா நொடிக்கு 30 மீட்டர். பந்து சறுக்காமப் போச்சுன்னா மணிக்கு 108 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துல கணக்குன்னா ஒண்ணுக்கு வருதுன்னு வெளிய போனவன், இதை மட்டும் எப்படிப் போட்டேன்னுதான் தெரியலை.

ஆனா அத்தனை பந்தும் 108. நாலு பந்து போனதும் உன்ற தம்பி கொட்டாவி உட்டுட்டே அடிக்கறான். ரோசம் வந்து நீ என்ன பண்ணுனே? ஃபேன் ரெகுலேட்டரைக் கொண்டாந்து மோட்டாருக்குக் குடுத்தே. அட என்ற ராசா! அது இண்டக்சன் மோட்டார். கரண்டோட 50 ஹெர்ட்ஸைப் புடிச்சுட்டு ஓடற சாதி. வோல்டேஜைக் கொறைச்சா அதோட இழுவைதான் கொறையும், வேகம் லேசுல கொறையாது. கொஞ்ச நேரம் மொனகும், அப்பறம் சூடேறி நாறும். லோ வோல்டேஜ்ல கெணத்து மோட்டாரை ஓட்டிக் காயில் கருக்குன ஊர்ல பொறந்துட்டு, அதே வேலையை ரெகுலேட்டர் வாங்கிச் செய்யற மொத ஆளு நீதான். காயில் கட்டற கடைக்காரன் உனக்கு மாலையே போடுவான்.

துளை போடற மெஷின்ல இருக்கற மாதிரி ஸ்டெப் புல்லி வெச்சுக்கலாம்னு உன்ற சேக்காளி சொன்னான். வெக்கலாம். ஒவ்வொரு பந்துக்கும் நீ பெல்ட்டை மாத்தி மாட்டறதுக்குள்ள பேட்டுப் புடிச்சவன் டீ குடிச்சுட்டு வந்து நிப்பான். அதெல்லாம் ஆகாது. பேட்டரி ஸ்கூட்டருக்குப் போடற 24 வோல்ட் டிசி மோட்டார் ரெண்டு வாங்கு. மோட்டாருக்கு ஒண்ணா ரெண்டு கன்ட்ரோலர் போடு. குமிழைத் திருகுனா வேகம் ஏறும், எறங்கும். கிரைண்டருக்கு அதது மோட்டார் போய்ச் சேரும், ரெண்டு ஊட்டுச் சாபமும் உன்னைப் புடிக்காது.

வேகத்தை மாத்தோணுங்கற கிறுக்கு உனக்கு மட்டும் புடிக்கலை. உன்ற அக்கா போன்ல படிச்சுச் சொன்னா. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் காலேசுல சார்லஸ் ஹின்டன்னு ஒரு கணக்கு வாத்தியாரு. நாலாவது பரிமாணத்தைப் பத்தியெல்லாம் புஸ்தகம் எழுதுன மனுசன். 1897-ல பேஸ்பால் பசங்களுக்கு வெடிமருந்துல பந்து எறியற துப்பாக்கியே செஞ்சுட்டாரு. அதுல வேகத்தைக் கூட்டிக் கொறைக்கலாம், வாயில ரப்பர் போட்ட விரல் வெச்சுப் பந்தை வளைக்கவும் செய்யலாம். எல்லாம் இருந்துச்சு, எதுத்தாப்புல நிக்கத்தான் பசங்களுக்கு ஈரக்குலை நடுங்குச்சு. உன்ற மெஷின் அதுக்குத் தேவலை, சத்தம் மட்டுந்தான் போடுது.

அந்தச் சத்தத்துலதான் கண்ணு உன்ற குட்டு ஒடையுது. டிசி மோட்டார் போட்டாலும் குமிழைக் கொறைச்சதும் டயர் உடனே அடங்காது. ஏத்தறது சுலுவு, எறக்கும்போது தானா ஓடித் தானாத்தான் தணியோணும். கனத்த டயர்னா இன்னும் நேரமாகும். 'ஙொய்ய்ய்'ன்னு சுருதி எறங்கறது பக்கத்துக் காட்டுல மாடு மேய்க்கறவனுக்கே கேக்கும். உன்ற தம்பிக்கு என்ன காதா செவிடு? மெதுவாப் பந்து வருதுன்னு தண்டோராப் போட்டுட்டு அப்பறம் போடறே.

2018 டிசம்பர்ல மெல்போர்ன்ல நம்ம பும்ரா ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் ஷான் மார்ஷுக்குப் போட்ட ஸ்லோயர் பாலை நீதானே எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டுனே? மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்துன கடைசிப் பந்து, ரோகித் சர்மா குடுத்த ரோசனை. ஓட்டம் அதே ஓட்டம், கை அதே வேகத்துல சுத்துச்சு. பந்து மட்டும் ஆடி அசைஞ்சு வந்து கால்ல பட்டுது. ஆளு அவுட்டு. அவன் தண்டோராப் போட்டானா?

இன்னொரு எடக்கும் இருக்குது. ரெண்டு மீட்டர் ஒசரத்துல மட்டமா உட்டா, 108-ல போற பந்து 19 மீட்டர் தள்ளி விழும். அதையே 90-க்குக் கொறைச்சா 16 மீட்டர்லயே விழுந்துரும். மூணு மீட்டர் வித்தியாசம்! யார்க்கர் போடறேன்னு நீ நெனைச்சுட்டு இருப்பே, அது முன்னாலயே குத்தி எந்திரிச்சு வரும். அதைச் சரிக்கட்டோணும்னா மெஷின் வாயைச் சித்தெ தூக்கோணும். தூக்குனா அவன் பாத்துருவான். நாத்துக்கு நெழலு கட்டற பச்சை நெட்டை மெஷினுக்கு முன்னால கட்டு, பந்து போற அளவுக்கு மட்டும் ஓட்டை உடு. காதை மூடறக்கு போர்வெல் கம்ப்ரசர் ஓடற நேரமாப் பாத்துப் பயிற்சி வெச்சுக்க. அந்த 'டப் டப்'புல உன்ற ஙொய்யெல்லாம் ஒண்ணுமே கேக்காது.

ரெண்டு டயரையும் ஒண்ணாக் கொறைக்கறதை உடு. மேல் டயரை நொடிக்கு 30 மீட்டர்லயே உட்டுட்டுக் கீழ் டயரை மட்டும் 20-க்கு எறக்கு. பந்து ரெண்டுக்கும் நடுவுல, 25-ல போகும், மணிக்கு 90. மேல் பக்கம் வேகமாத் தள்றதுனால பந்து முன்னால உருண்டுட்டே போயி, கடைசியில தலையைக் கவுத்தும். பௌலர் மணிக்கட்டுல செய்யற திருட்டுத்தனத்தை டயர் செய்யும். கிரீசுக்குக் கிரீசு 17.7 மீட்டர். 108-ல 0.6 நொடி, 90-ல 0.7 நொடி. மட்டையை முந்தி வீச வெக்கறக்கு அந்த இத்துனூண்டு வித்தியாசம் போதும். கீழ கவுத்துற பந்து இன்னும் கிட்டத்துலயே விழும், அதுக்கும் சேத்து வாயைத் தூக்கு.

எந்தப் பந்து எப்ப வரும்னு நீ முடிவு பண்ணாதே. மூணு வேகம், ஒரு மெதுன்னு உன்ற மூளைக்கு எட்டற வரிசையை உன்ற தம்பி ஒரே ஓவர்ல கண்டுபுடிச்சுருவான். ஒரு பக்கம் தேச்ச புளியங்கொட்டை நாலு எடுத்து உருட்டு. நாலும் வெள்ளையா விழுந்தாலோ நாலும் கறுப்பா விழுந்தாலோ மெதுப்பந்து. என்ன வரும்னு போடற உனக்கே தெரியாட்டி, அடிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு விசயத்துல மட்டும் நான் வெளையாட மாட்டேன் சாமி. ஸ்விட்ச்சை அணைச்சாலும் டயர் ஓடிட்டேதான் இருக்கும், முழுசா நிக்கற வரைக்கும் சந்துக்குள்ள கையைக் கொண்டு போகாதே. டயரைச் சுத்திக் கம்பி வலை அடி. கம்ப்ரசர் சத்தத்துல 'ரெடியா'ன்னு கத்துனாக் கேக்காது, அதனால பந்தை நெட்டுக்கு மேல ஒசத்திக் காட்டி, அவன் தலையாட்டுன பொறவு உள்ள உடு. ஹெல்மெட் இல்லாம எவனாச்சும் முன்னால நின்னான்னா, பேட்டரி ஃபியூஸைப் புடுங்கி என்ற மடியில முடிஞ்சுக்குவேன். கேட்டாலும் குடுக்க மாட்டேன்.