தீவுக்குப் புத்தி சொல்லப் போற தம்பிக்கு

ஏந்தம்பி, கொழும்புக்குப் போயி கல்விக்கு யோசனை சொல்லப் போறியாமே? ரொம்ப சந்தோசம். தீவைப் பத்தி ஸ்ரீரங்கத்தான்கிட்டக் கேக்காம வேற யாருகிட்டக் கேப்ப? தெக்கால காவேரி, வடக்கால கொள்ளிடம், நடுவுல நாம. என்ன, நம்ம தீவுக்குப் பாஸ்போர்ட்டு வேணாம், டவுன் பஸ்ஸு போதும்.

திருச்சியில பிளேன் ஏறினா கொழும்பு ஒரு மணி நேரந்தான். மதுரை பஸ்ஸு அதுக்குள்ள துவரங்குறிச்சியைத் தொட்டாப் பெரிசு. எறங்கினதும் இலவசக் கல்வின்னு ஆரம்பிச்சுடாத. கன்னங்கரான்னு ஒரு மந்திரி 1945-லயே பாலர் வகுப்புலேருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் காசில்லாம ஆக்கிட்டாரு. நமக்கு அப்போ சுதந்திரமே வரல.

ஆனா பகல்ல சும்மா படிக்கிற பிள்ளை, சாயங்காலமானா காசு கட்டி டியூசனுக்கு ஓடுது. கொழும்புன்னு இல்ல, யாழ்ப்பாணத்துலயும் அதே கதைதான். நாம சிரிக்கப்படாது, தில்லைநகர்ல விளக்கு வைக்கிற நேரம் நின்னு பாரு, தெரியும். அதனால உன் ரிப்போர்ட்டுல மொதப் பக்கத்துல போடு: டியூசனைப் பகல்ல வைங்க, பள்ளிக்கூடத்தைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க. முழிச்சிருக்கிறப்ப படிக்கட்டும், பள்ளிக்கூடத்துல தூங்கிக்கட்டும்.

அஞ்சாம் வகுப்புல புலமைப்பரிசில் பரீட்சைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பேரெடுத்த பள்ளிக்கூடத்துல எடம் புடிக்க, பத்து வயசுப் பிள்ளைக்கு. மேலூர்ல வாழை குலை தள்ளுமுன்னயே யாவாரி வந்து தாரு எண்ணுற மாதிரி. அதை நிறுத்தச் சொல்லிப்புடாத. கூடவே உக்காந்து படிச்ச அம்மாமாரெல்லாம் உன்னைச் சும்மா விடமாட்டாங்க.

நம்ம ஊருலேருந்து எதாச்சும் கொண்டு போகணும்னா எமிஸைக் கொண்டு போ, அதான் பிள்ளைங்க வருகையைப் போன்ல பதியிற ஏற்பாடு. காலையில டீச்சரம்மா போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வேப்பமரத்துக்கும் கேட்டுக்கும் சிக்னல் தேடி நடக்கும். பிள்ளை எதிர்ல உக்காந்திருக்கு, டீச்சரும் பாத்தாச்சு. பத்தாதாம், சர்வரும் பாக்கணும்!

சரி, கோவிச்சுக்காத. நெசமாவே கொண்டு போக வேண்டியது ஒண்ணு இருக்கு. எம்.ஜி.ஆரு 1982 ஜூலை 1-ம் தேதி சத்துணவை ஆரம்பிச்சு வச்சது மெட்ராசுல இல்ல, நம்ம திருவெறும்பூர்ப் பக்கம் பாப்பாக்குறிச்சியில. கஜானா தாங்காதுன்னு அன்னிக்குச் சொன்னவங்க எல்லாரும் மூணு வேளை சாப்புட்டவங்க. 2022-ல அந்தத் தீவுல பொருளாதாரம் முறிஞ்சப்ப, வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் வந்த பிள்ளைங்க சேதியைப் பேப்பர்ல படிச்சிருப்ப. அதே வருசந்தான் இங்க காலைச் சாப்பாடும் ஆரம்பிச்சாங்க. அந்தத் தீவுலயும் பள்ளிக்கூடத்துல சாப்பாடு போடுறாங்கதான், எல்லாப் பிள்ளைக்கும் இல்ல.

அதனால பிளேன் ஏறுறதுக்கு முன்ன பாப்பாக்குறிச்சிக்கு ஒரு எட்டு போயிட்டு வா. மத்தியானம் மணி அடிக்கிற நேரமாப் பாத்துப் போ. சோறு எப்படி ஆக்குறாங்க, முட்டையை எப்படி எண்ணி வைக்கிறாங்கன்னு ஆயாம்மாகிட்டக் கேட்டு எழுதிக்க. தட்டு மட்டும் எடுத்துட்டுப் போயிடாத, அந்தச் சோறு பிள்ளைங்களுக்கு ஆக்கினது.