இடது காலுக்கு ஓய்வு

கேள்வி: இருபது வருஷமாகக் கிளட்ச் மிதித்து முழங்கால் தேய்ந்துவிட்டது. டிசையர், டிகோர் போன்ற விலை குறைந்த செடானில் ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். 2014இல் மாருதியின் செலேரியோ மூலம் நம் நாட்டில் பிரசித்தி பெற்ற இக்கார்களில் வரும் ஏ.எம்.டி. என்னும் ஏற்பாட்டில், பழைய கியர்பெட்டியும் பழைய கிளட்சும் அப்படியே இருக்க, இதுநாள்வரை உங்கள் இடது காலும் இடது கையும் செய்துவந்த கைங்கரியத்தை மட்டும், கணினியின் ஆக்ஞைக்குக் கட்டுப்பட்ட ஒரு சிறு யந்திரம் ஏற்றுக்கொள்கிறது. விலை சகாயமாக இருப்பதற்கும், பெட்ரோல் செலவு அதிகரிக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

கியர் மாறும் கணத்தில் இழுவிசை சற்றே அறுபடுவதால், கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்ததுபோல் காரில் இருப்போர் அனைவரும் ஒருமுறை தலையசைப்பார்கள். அந்நேரம் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ரசிகர்கள் அமைதியாகிவிடுவார்கள். அந்த அசைவே கூடாதென்றால், கூடுதல் பணம் கொடுத்து ஹோண்டா அமேஸின், கியர் படிகளே இல்லாத சி.வி.டி. ஆட்டோமேட்டிக்கை நாடலாம்.

ஏ.எம்.டி. வாங்கினால் ஒன்றில் மாத்திரம் ஜாக்கிரதை வேண்டும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வாகனங்கள் தேங்கி நிற்கையில், ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கியே வண்டியைப் பின்வாங்காமல் பிடித்து நிறுத்தினால், உள்ளே கிளட்ச் உரசி உரசிக் கருகும் வாடை மூக்கில் ஏறும். பிரேக்கில் நிறுத்துங்கள், புறப்படும்போது ஹேண்ட்பிரேக்கின் துணையைக் கொள்ளுங்கள். முதல் வாரம் உங்கள் இடது கால், பூர்வ வாசனையால் இல்லாத கிளட்சைத் தேடிப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும்; அதைப் பின்னுக்கு மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.