அகலக்கால்

அகலக்கால் வைக்காதே என்பது, வீட்டுக் கடன் வாங்கப் போகிறவருக்கும் கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவருக்கும் நம் பெரியவர்கள் கேட்காமலே தரும் அறிவுரை. பனிச்சறுக்கு உலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு நேர் எதிரான உபதேசம் நடக்கிறது: வை, இன்னும் அகலமாக வை. ஒரு காலத்தில் இடுப்புப் பகுதியில், அதாவது பாதத்துக்கு அடியில், 65 மில்லிமீட்டர் அகலமிருந்த ஸ்கீ பலகை, 90 ஆகி, 100 ஆகி, 115ஐத் தாண்டி, சில மாடல்களில் 130ஐத் தொட்டுவிட்டது. இப்படியே போனால் காலுக்கு ஒன்றாக இரண்டு ஊஞ்சல் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகல ஸ்கீ நல்ல சரக்கு. பிசகு அதில் இல்லை. எந்த நாளை மனதில் வைத்து அதை வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

பவுடர் என்றால் நமக்கு முகத்தில் அப்பிக்கொள்வது. ஸ்கீக்காரர்களுக்கு அது இரவெல்லாம் கொட்டி, விடியும்போது ஒருவர் தடமும் படாமல் கிடக்கும் உலர்ந்த புதுப்பனி. அதில் ஒரு கன மீட்டரை அள்ளி நிறுத்தால் சுமார் 100 கிலோ தேறும், மிச்சமெல்லாம் காற்று. அதன்மேல் மனிதன் எப்படி நிற்பது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூட்ஸும் உடுப்புமாக 85 கிலோ இருக்கும் ஒருவர், 180 சென்டிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு ஜோடியில் நின்றால், கீழே உள்ள பனியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 36 கிராம் சுமக்கிறது. அகலத்தை மட்டும் 115 ஆக்கினால் சுமை 20 கிராமுக்கு இறங்கிவிடும். முனையும் வாலும் விரிந்திருப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் தீர்ப்பு மாறாது. பழைய ஆட்கள் இதே சிக்கலுக்கு நீளத்தை நம்பினார்கள். 205 சென்டிமீட்டர் பலகை அன்று சர்வ சாதாரணம். ஆனால் 180ஐ 205 ஆக்கினால் பரப்பு ஏழில் ஒரு பங்குதான் கூடும். 65ஐ 115 ஆக்கினால் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. இந்தச் சாதாரணப் பெருக்கல் கணக்கு மலைக்கு மலை ஓடியவர்களுக்கு இத்தனை நாள் தோன்றாமல் போனது எப்படி?

தோன்றாமல் போகவில்லை, மறந்துபோனது. 1924இல் வடக்கு ஸ்வீடனின் கால்வ்டிராஸ்க் பக்கம் சதுப்பில் தோண்டியபோது ஒரு மர ஸ்கீ கிடைத்தது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். நீளம் 204 சென்டிமீட்டர், அகலம் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது 150 மில்லிமீட்டர். கூடக் கிடைத்த கோலின் முனை துடுப்புபோல, பனியை வாருவதற்குத் தோதாக இருந்தது. ஆல்தாய் மலைகளிலும் அடியில் குதிரைத்தோல் போர்த்திய அகலமான மரப்பலகைகளில்தான் வேட்டைக்குப் போனார்கள். இவர்களுக்கெல்லாம் பனியில் புதையாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பந்தயமும் கடிகாரமும் அமுக்கிச் சீவிய சரிவுகளும் வந்த பிறகு ஸ்கீ இளைத்தது. அது மறுபடி சதை போட்டது 1980களின் இறுதியில். ஆஸ்திரியாவின் அடாமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் ஒரு ஸ்னோபோர்டை நெடுக்காக இரண்டாய் அறுத்துக் காலில் கட்டிப் பார்த்தார் என்பது அந்தத் தொழிலில் வழங்கும் கதை. அந்த வழியில் வந்த பலகைக்கு 'ஃபேட் பாய்', குண்டுப் பையன், என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

குண்டுப் பையனை முதலில் மடியில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் வீரர்கள் அல்லர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ஹெலிகாப்டரில் ஏற்றிப்போய்ச் சிகரத்தில் இறக்கிவிடும் தொழில் 1965லிருந்தே உண்டு. அதற்குக் காசு கட்டக்கூடிய வயதில் தொடையில் வலு இருப்பதில்லை. தொடையில் வலு இருக்கிற வயதில் கையில் காசு இருப்பதில்லை. ஒல்லிப் பலகையில் முனை புதையாமலிருக்க உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தே இறங்கும் விருந்தாளி, இரண்டாம் நாள் மத்தியானம் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்குக் குண்டுப் பையன் வரப்பிரசாதம். இளைஞர்கள் சிரித்தார்கள், கிழவர் கட்டை என்றார்கள், களவாட்டம் என்றார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி. பவுடர் கெட்டித்தரையைவிடத் தண்ணீருக்குத்தான் நெருங்கிய உறவு என்பது அவர் வாதம். 2001இல் அலாஸ்காவில் தண்ணீர்ச் சறுக்குப் பலகையிலேயே, பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் ஸ்கீ பூட்டுகளைப் பொருத்திப் பனிமலையில் இறங்கிக் காட்டினார். மறு ஆண்டு வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பாட்டுலா' அவருடைய யோசனை: இடுப்பு 125 மில்லிமீட்டர், முனைகள் அதைவிடக் குறுகல், அடிப்பக்கம் படகைப்போல வளைவு. தோசைத் திருப்பி என்று பெயர் வைத்த பலகையை யாரும் களவாட்டம் என்று சொல்லத் துணியவில்லை.

இதுவரை நான் அகலத்தின் வக்கீல். இனி எதிர்த்தரப்பு. நடவு வயலில் டிராக்டர் புதையாமலிருக்கக் கேஜ் வீல் மாட்டுவார்கள். சேற்றில் அதற்கு இணை கிடையாது. அதே வண்டி அதே சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலையும் பெயரும், ஓட்டுகிறவர் இடுப்பும் பெயரும், அபராதமும் விழும். இறுகிய பனியில் அகல ஸ்கீயின் கதை இதுதான். ஸ்கீ பூட்ஸின் அடிப்பாகத்துக்கு உலகம் முழுக்க ஒரே அளவு. முன்பக்கத்தில் 69 மில்லிமீட்டர். 65 மில்லிமீட்டர் பலகையில் இரும்பு விளிம்பு பாதத்துக்கு நேர் கீழே நிற்கிறது, மிதித்தால் கடிக்கிறது. 115இல் அது பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 57 மில்லிமீட்டர் தள்ளி, பூட்ஸுக்கு வெளியே திண்ணைபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நெம்புகோல் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது, ஆனால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கணுக்காலும் முழங்காலும் பழைய சைஸ்தான். தரை பலகையைத் தட்டையாக்கப் பார்க்கிறது, முழங்கால் மாட்டேன் என்கிறது. நாள் முழுக்க இந்தப் பஞ்சாயத்து. அகலம் கூடும்போது முழங்கால் வளையும் விதமே மாறுவதை ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் அளந்து 2015இல் வெளியிட்டார்கள். இது போக, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற ஒல்லிப் பலகையைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. எடை கூடுகிறது. பழைய பூட்டின் பிரேக் கம்பிகள் அகலத்தைத் தாண்டிக் கீழே இறங்காததால் பிரேக்கையோ முழுப் பூட்டையோ புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. இதைக் கடைக்காரர் மெதுவான குரலில் கடைசியாகத்தான் சொல்வார்.

இப்போது வருகிற அகல ஸ்கீ அப்படியில்லை, 110லும் கெட்டிப்பனியில் அழகாகத் திரும்பலாம் என்று ஒரு மறுப்பு வரும். உண்மைதான். ராக்கர் என்று முனையை வாழைப்பழம்போல் மேலே வளைத்து, உள்ளே மரத்தையும் உலோகத்தையும் அடுக்கி நிறையக் கைவேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதே கைவேலை 88 மில்லிமீட்டர் பலகைக்கும் நடந்திருக்கிறது. அதுவும் முன்னைவிட நன்றாக மிதக்கிறது. இரண்டு பிள்ளைக்கும் டியூஷன் வைத்துவிட்டு ஒருவன் மதிப்பெண்ணை மட்டும் காட்டுவது நியாயமில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: ஒரு ஜோடிதான் கட்டுப்படியாகும், அகலமாகவே வாங்கிவிட்டால் பவுடர் வரும் நாளில் கைகொடுக்குமே? தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்களை எண்ணி, மூன்று பேர் இருக்கும் வீட்டில் தினமும் கல்யாண அண்டாவில் உலை வைப்பதைப் போன்றது இது. ஆல்ப்ஸில் ஒரு வாரம் விடுமுறை கழிப்பவருக்குப் பவுடர் ஒரு நாள் வாய்த்தால் புண்ணியம் செய்தவர். மற்ற நாளெல்லாம் இயந்திரம் வாரிவிட்ட சரிவுதான் கதி.

அந்த ஒரு நாளும் எவ்வளவு நேரம்? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒல்லிப் பலகைக் காலத்தில் பவுடரில் இறங்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் நெருக்கி நெருக்கி வளைந்து சிக்கனமாகத் தடம் பதிப்பார்கள். ஒருவர் தடத்தின்மேல் மற்றவர் எதிர்வளைவு வளைந்து, லைசென்ஸ் வாங்கப் போனவர்களைப் போல மலை முழுக்க எட்டுப் போட்டு வைப்பதற்குப் போட்டிகளே நடந்தன. அகலப் பலகை வந்ததும் நேற்றுக் கற்றவரும் மிதக்கிறார். மிதப்பதோடு விடாமல், பெரிய பெரிய வளைவாக அடித்து ஒரே ஆள் பல பேருக்கான சரிவைக் காலி செய்துவிட்டுப் போகிறார். நான்கு பேர் உட்காரும் நவீன லிஃப்ட் மணிக்கு 2,400 பேரைக்கூட மேலே ஏற்றும். பந்தி தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் இலை காலி. அதன்பின் கிளறிப்போட்ட பனியிலும் அகலப் பலகை நன்றாகவே போகும், மறுக்கவில்லை; சாயங்காலம் அது இறுகியதும் மேலே சொன்ன முழங்கால் பஞ்சாயத்து கூடிவிடும். பவுடரைச் சுலபமாக்கிய பலகையே பவுடரை அரிதாக்கியும் விட்டது. தடம் படாத பனியைத் தேடி ஆட்கள் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகிறார்கள். பவுடருக்கு ருசியான 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் பனிச்சரிவு கிளம்புவதற்கும் தோதான சாய்வு. எந்த அகலமும் அதை நிறுத்தாது.

ஆகவே ஊரைப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் பனி கொட்டும் யூட்டாவின் ஆல்டாவிலோ, சைபீரியக் காற்று கடல் தாண்டி வந்து பனியைக் கொட்டும் ஜப்பானின் நிசெகோவிலோ குடியிருப்பவர் 110க்கு மேல் வாங்கட்டும். வைக்க வேண்டிய இடத்தில் வைத்த அகலக்கால் அது. நம் நாட்டில் அதற்கு நிஜமான வேலை இருப்பது காஷ்மீரின் குல்மார்க்கில். கோண்டோலா ரோப்காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, 3,900 மீட்டருக்கு மேலிருந்து அப்பர்வாட் மலையின் வாராத சரிவுகளில் இறங்குகிறவர் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்கள் 80க்கும் 95க்கும் நடுவில் ஒரு ஜோடி வைத்துக்கொண்டு, பனி கொட்டிய காலையில் மட்டும் குண்டுப் பையனை வாடகைக்கு எடுங்கள். கடை திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். அன்றைக்கு அகலமானவைதான் முதலில் தீரும்.