வெறுங்கால் வலம்: சின்ன காஞ்சிபுரக் கருங்கல் தரை குறித்து ஒரு திசைவாரி ஆய்வு

கோயிலை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், எந்தக் கைப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. எத்தனை மணிக்குச் சுற்றினால் கால் வேகாது என்பதற்கு மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: வரதராஜப் பெருமாள் கோயிலில் கல் பாவிய இடங்கள் அனைத்தும். கோயில் சுமார் 23 ஏக்கர் என்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. ஆய்வுக் கருவி: பாதம், இரண்டு.

முன்னோடிகளைத் தேடினால் பனிமலைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. குல்மார்க்கிலோ ஆல்ப்ஸிலோ குளிர்காலம் முடியும் தறுவாயில் பனிச்சறுக்குக்காரர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். இரவில் பனி இறுகிப் பாறையாகிறது. காலை வெயில் பட்டதும் மேலே ஓரிரு அங்குலம் மட்டும் இளகிக் குருணையாகிறது. அந்தக் குருணைமேல் சறுக்குவதுதான் பரமசுகமாம். சற்று முன்னால் போனால் பல் உடையும். சற்றுப் பிந்தினால் கூழில் கால் புதையும். அதனால் முதலில் கிழக்கு பார்த்த சரிவு, பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு என்று சூரியனைத் துரத்திக்கொண்டே போவார்கள். காஞ்சிபுரத்து பக்தன் செய்வதும் இதையேதான். ஒரே வித்தியாசம், இங்கே துரத்துவது சூரியன்.

முதலில் கல்லின் குணத்தைப் பார்த்துவிடலாம். உச்சி வெயிலில் 60 டிகிரிக்குக் காய்ந்த மரப்பலகையையும் அதே 60 டிகிரிக் கருங்கல்லையும் அடுத்தடுத்து மிதித்தால், பலகை வெறும் கதகதப்பு, கல் நெருப்பு. மரம் தன் சூட்டைக் காலுக்குக் கொடுக்கத் தயங்கும், கருங்கல் வள்ளல். கணக்குப் போட்டால், பலகையைத் தொட்ட தோல் 40 டிகிரியை எட்டுவதே சிரமம். கல்லைத் தொட்ட தோல் உடனே 50க்குப் போய்விடும். தோலுக்கு வலி தொடங்குவதோ 43, 44லேயே. தீமிதியில் கனலும் கரிகூட மரத்தின் கட்சிதான், சூட்டை லேசில் விடாது. வைகாசிப் பிராகாரத்தைச் சாவகாசமாகச் சுற்றுபவருக்குப் பூக்குழிக்காரரைவிடப் பெரிய மாலையாகப் போடலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அதோடு, கல் மறதி இல்லாதது. ஒரு நாள் வெயில் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாக நுழைபவர்கள், காற்று தணிந்ததை நம்பி ஏமாந்தவர்கள். அவர்கள் மிதிப்பது பகல் 1 மணியை.

இனி திசை. இந்த ஊர் ஏறத்தாழ 12.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. திரும்பி வர ஆகஸ்ட் 18 ஆகிவிடும். இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அக்னி நட்சத்திரம் முழுவதும் இதற்குள் அடக்கம். 2019இல் அத்திவரதர் இக்கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களும், அதாவது ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அச்சுப் பிசகாமல் இதற்குள் அடக்கம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர் நிழல் திசைமாறும் வேளையாகப் பார்த்து வந்ததை இதுவரை எந்த ஆய்வாளரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நிழலின் அளவைப் பற்றி அதிகம் பெருமைப்பட வேண்டாம்: மே நடுவில் 20 அடி மதிலுக்கு நண்பகலில் கிடைப்பது சுமார் 2 அடி. ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். எதிரே யாராவது வந்தால் இருவரில் ஒருவர் தியாகியாக வேண்டும்.

மற்ற வேளைகளுக்கு விதி எளிது. காலையில் நிழல் மதிலுக்கு மேற்கே, மாலையில் மதிலுக்குக் கிழக்கே. ஆகவே மாலையில் மேற்குப் பிராகாரத்தில் வெளிமதிலை ஒட்டியும், கிழக்குப் பிராகாரத்தில் உள்மதிலை ஒட்டியும் நடக்க வேண்டும். இந்த உண்மையை நான் வரைபடத்தோடு நிறுவ முற்பட்டு வெட்டவெளியில் நின்றபோது, ஒரு மாமி சுவரோரமாகப் போய்க்கொண்டே, "ஏண்டாப்பா, நடுவுல நின்னுண்டு என்ன குதிக்கறே? மதில் ஓரமா வா!" என்றார். துறை வல்லுநர்கள் இப்படித்தான், எதையும் எழுதி வைப்பதில்லை. விடியலில் தெருவில் பாவு விரித்து வெயில் உறைக்குமுன் வேலையை முடித்துக்கொள்ளும் தறிக்காரர்களும் அப்படியே.

விதியை அறியாதவர்களின் நடை பலவகை. ஒற்றைக்காலில் நின்று மறுகாலை ஆற்றும் கொக்கு நடை. குதிகால் மட்டும் பதிக்கும் பரத நடை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அதன் காலைக் காக்கிறேன் என்று தன் காலை இருமடங்கு அழுத்தமாகப் பதிக்கும் தந்தையர் நடை. நார்விரிப்பு போட்டிருந்தால் எல்லாரும் அதன்மேல் ஏறி ஊர்வலமாகிவிடுவதால் வகைபிரிப்பது கடினம்.

பனிச்சறுக்குக்காரனின் குருணை வேளைக்கு நேர் நிகரானது இங்கே மார்கழியில்தான் வாய்க்கிறது. விடியலில் கல் விரலை மரக்கச் செய்யும். ஒன்பது மணி சுமாருக்கு இளவெயில் பட்ட பகுதி மட்டும் பதமாகும்; முழங்கால் வலிக்காரர்கள் அன்று கூடுதலாக இரண்டு சுற்று வருவார்கள். பதினொன்றுக்கு அந்தப் பதம் போய்விடும்.

ஆய்வில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. செருப்பை ராஜகோபுரத்துக்கு வெளியே, அதாவது மேற்கே, விடுகிறோம். காலையில் கோபுர நிழல் செருப்பைக் காக்கும். மாலையிலோ, நிழல் பார்த்துப் பார்த்து வலம் முடித்து வெளியே வருபவரை, வெயிலில் காய்ந்த கறுப்பு ரப்பர் செருப்பு வரவேற்கும். கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற தீர்வை மாமியிடம் முன்வைத்தேன். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று அதே இடத்தில் நிராகரித்துவிட்டார்.