செட்டிங் அண்ணன்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் மல்லிகைச் சரம் தொங்கும் கடை முன்னால், போகும் வரும் காடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தால், மயக்கமோ என்று பதறித் தண்ணீர் வாங்க ஓடாதீர்கள். அவர் செட்டிங் அண்ணன். சரங்களின் இடுக்கு வழியாகப் பூக்கார அக்காவைப் படம் பிடிக்கிறார்.

"தம்பி, பூ எடுக்க வந்தியா, படம் எடுக்க வந்தியா?"

"ஒரு நிமிஷம்க்கா, ஐஎஸ்ஓ ஏத்திக்கிறேன்."

ஐஎஸ்ஓ ஏறி முடிவதற்குள் அக்கா நாலு முழம் விற்றுக் காசையும் எண்ணி முடித்திருப்பார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வாரநாளில் வங்கி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று எங்கோ ஒழுங்காக வேலை பார்ப்பார். சனிக்கிழமை விடிந்ததும் உடம்பெல்லாம் பை வைத்த சட்டைக்குள் புகுந்துகொள்வார். மாமாக் கடையில் தே தாரே வருமுன் மேசைக்குக் கேமரா வந்துவிடும். "பசியாறிட்டீங்களா?" என்று நாம் கேட்டால், "நீங்க கேனனா, நிக்கோனா?" என்பது பதில். கைப்பேசிதான் என்று சொல்லிப் பாருங்கள். துக்கம் விசாரிக்கும் குரலில் "பரவால்ல லா" என்பார். பிறந்து பத்து நாளான பேரக்குழந்தையின் படத்தை யாராவது பூரிப்போடு நீட்டினாலும், "நல்லா இருக்கு. ஷட்டர் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்.

அவர் வீட்டில் மனைவியின் தாலிக்கொடி பிஸ்கட் டின்னில் இருக்கும். லென்ஸ்களோ கண்ணாடிக் கதவு போட்ட மின்சாரப் பெட்டிக்குள், ஈரப்பதம் 45 விழுக்காடு என்று எண் ஒளிர, சொகுசாக வாழும். இதை நாம் சிரித்துத் தள்ளிவிட முடியாது. நம் ஊர்க் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது உண்மை. மாமியார் வந்தால் படுக்கப் பாய் தேடும் வீட்டில், ஆறு லென்ஸுக்குத் தனி அறை எதற்கு என்பதுதான் கேள்வி.

அண்ணனின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமானால் கல்யாணத்துக்குப் போக வேண்டும். கூலிக்கு வந்த படக்காரர் வேறே இருப்பார்; அண்ணன் உறவுமுறையில் வந்தவர். மொய் உறையைவிட முதலில் கேமராப் பையைத்தான் காடியில் ஏற்றியிருப்பார். மேடையில் மூன்றில் ஒரு பங்கு விதியைக் கடைப்பிடிப்பார். மாப்பிள்ளையை இடது கோட்டில் நிறுத்துவார். மீதி இரண்டு பங்கில் பச்சை விளக்கெரியும் 'கெலுவார்' பலகை கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு மாப்பிள்ளை வெளியேற வழி தேடுகிறார் என்றே தோன்றும். கெட்டிமேளம் கொட்டும்போது சபைக்கும் மணமக்களுக்கும் நடுவில் அவர் முதுகு எழும். எத்தனையோ குடும்பங்களின் தாலிகட்டு வீடியோவில் அந்த முதுகுதான் கதாநாயகன்.

அடுத்து குடும்பப் படம். எஃப் 1.4 லென்ஸை நாலாயிரம் வெள்ளிக்குத் தவணையில் வாங்கியவருக்கு அதை எஃப் 8-க்கு மூட மனம் வருமா? திறந்தே வைத்து அழுத்துவார். முன்வரிசையில் சம்பந்தியம்மாவின் மூக்குத்தி பளிச்சென்று விழும். பின்வரிசைச் சித்தப்பாக்கள் பனிமூட்டத்தில் கரைந்துவிடுவார்கள். சொத்துத் தகராறில் ஏற்கெனவே மனத்தாங்கலாக இருக்கும் சித்தப்பா, இதையும் திட்டமிட்ட சதி என்றே கணக்கில் எழுதிக்கொள்வார்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் அறிவிப்பார்: "பன்னெண்டு மணி வெயில்லதான் படம் எடுக்கக் கூடாது. இப்ப மணி ஒன்னே கால். வெளிய வாங்க!" 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒன்னே காலுக்குத்தான். மணமக்களின் கண்ணிருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள் விழும். "டிராமாட்டிக் லைட்டிங்" என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

தைப்பூசத்தை ஒட்டி ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் வெள்ளி ரதம் கிளம்பும்போது அண்ணனும் கிளம்பிவிடுவார். பத்துமலையில், 272 படிகளின் அடிவாரத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே முக்காலியை விரிப்பார். "அண்ணே, காலை எடுங்க!" என்று தொண்டர் கத்துவார். ஐந்து கால்களில் எந்தக் காலை என்று அண்ணனுக்குப் புரியாது. ஆடும் காவடியை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும். ஆனால் அசைவைக் காட்டுவது கலை என்று எங்கோ கேட்டுவந்தவர் 1/15-இல் அழுத்துவார், அதுவும் கூட்டம் இடிக்கும்போது. காவடி ஆடியது போதாதென்று படத்தில் மலையும் ஆடியிருக்கும். 42.7 மீட்டர் முருகனைத் தலை முதல் பாதம் வரை அடக்க அகல லென்ஸை மாட்டி அண்ணாந்தால், முருகன் பின்னால் சாய்வார். பால்குடம் சுமந்த பாட்டி எறும்பாவார். நாலடி முன்னே போய்ப் பாட்டியின் முகத்தைப் பார்க்க எந்தச் செட்டிங்கும் தேவையில்லை. அதனாலேயே அவருக்கு அது தோன்றுவதில்லை.

மற்ற நாள்களில், மாலையில் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் பொன்னொளிக்குக் காத்திருப்பார். அவர் பார்த்துப் படித்த வீடியோக்கள் வட நாடுகளில் எடுத்தவை. அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து நேரமெடுத்து மறையும். இங்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்கிவிடும். ஏர்கோன் காடியிலிருந்து இறக்கிய லென்ஸில் படிந்த ஆவியைத் துடைத்து, ஃபில்டரைத் திருகி அண்ணன் நிமிர்வதற்குள் தெருவிளக்கு எரியும். மழை வராமலிருந்தால் அதுவே புண்ணியம்.

இத்தனைக்கும் அவரிடம் மெய்யான ஒரு வித்தை உண்டு. கேமராவின் ஒளிமானி தன்முன் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நம்பும். வெள்ளை வேட்டி நிறைந்தால் படத்தை இருட்டாக்கும். கறுத்த முகம் நிறைந்தால் வெளிறச் செய்யும். மாநிற மாப்பிள்ளை பட்டுவேட்டியில் நிற்கும் நம் கல்யாணம் அதற்கு உலகத்திலேயே கடினமான பரீட்சை. அண்ணன் வேட்டிக்கு ஒளியைக் கொஞ்சம் கூட்டுவார், பாட்டியின் முகத்துக்குக் கொஞ்சம் குறைப்பார். கைப்பேசிகள் எல்லாம் நம்மை மாவு பூசி வெளுக்கும் காலத்தில், பாட்டியின் நிறம் பாட்டியின் நிறமாகவே இருப்பது அவர் எடுத்த படத்தில்தான். நாளைக்கு அந்தப் பாட்டி இல்லாதபோது குடும்பம் சட்டம் போட்டு மாட்டப்போவதும் அதைத்தான்.

ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைக் கட்டாயம் அழையுங்கள். பத்திரிகை வைக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: குடும்பப் படத்துக்கு எஃப் 8, ஒன்னே கால் மணிக்கு யாரையும் வெயிலுக்கு இழுக்கக் கூடாது, தாலி கட்டும்போது அண்ணன் உட்கார வேண்டும். முதல் இரண்டையும் கேட்டுக்கொள்வார். மூன்றாவதற்கு மட்டும் பக்கத்திலேயே ஒரு நாற்காலியும், பலசாலியான மச்சான் ஒருவனும் தயாராக இருக்கட்டும்.