ஏரிக்கு ஏற்ற மதகு

கேள்வி: பட்டறைக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் பிஎச்பி 5.6இல் எழுதியது. புது சர்வரில் மைஎஸ்கியூஎல் 8.0 போட்டதும் இணையவே மறுக்கிறது. எந்த பிஎச்பி போடலாம்?
– ஒரு வாசகர், செம்பரம்பாக்கம்

பதில்: 24 அடி ஏரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாததா? முதலில் ஏரி, பிறகுதான் மதகு. டேட்டாபேஸின் பதிப்பைப் பார்த்துவிட்டு மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 வாசல் பூட்டையே மாற்றிவிட்டது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை புதிது. 2014இல் பிறந்த உங்கள் 5.6இடம் அந்தச் சாவி கிடையாது. 7.4இலிருந்துதான் சாவி முழுதாகப் பொருந்தும். அதுவும் 2022இல் ஓய்வு பெற்றுவிட்டதால், பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வரும் 8 வரிசைப் பதிப்பு ஒன்றைப் போடுங்கள்.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது. பழைய ‘மைஎஸ்கியூஎல்_கனெக்ட்’ வகைக் கட்டளைகள் பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அது வெளிவந்தது 2015 டிசம்பர் 3, அடையாறு ஊருக்குள் புகுந்த அதே வாரம். தேதி உங்களுக்கு மறக்காது. அந்த வரிகளை மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

‘பழைய பூட்டையே மாட்டிவிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். மைஎஸ்கியூஎல் 8.0இல் முடியும், 9.0இல் அந்தப் பூட்டே இல்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தரவை மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து 8.0க்கு ஏற்றிவிட்டால் அப்படியே திரும்ப இறக்க முடியாது. இன்றே முழு நகல் எடுத்து, வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.